வெற்றிலைச் செல்லத்தில் கெமிஸ்ட்ரி

சோழவந்தான் என்றால் வெளியூர்க்காரர்களுக்கு இரண்டு விஷயங்கள் ஞாபகத்துக்கு வரும். ஒன்று ஜெனகை மாரியம்மன். இன்னொன்று வெற்றிலை. 2023-ல் எங்கள் வெற்றிலைக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. அதாவது, வேறு ஊர்க் கொடிக்காலில் பறித்த இலையை 'சோழவந்தான் வெற்றிலை' என்று சொல்லி விற்றால் இனிமேல் சட்டப்படி தப்பு. (சட்டம் வருவதற்கு முன்னால் அந்த வேலையை எங்க ஊர் அப்பத்தாக்கள் பார்த்துவந்தார்கள். காம்பைக் கிள்ளி நுனி நாக்கில் வைத்தால் போதும், இலையின் சொந்த ஊரைச் சொல்லிவிடுவார்கள்.)

இந்த இரண்டோடு மூன்றாவதாக ஒன்றையும் சேர்த்துக்கொள்ளச் சொல்கிறேன். கெமிஸ்ட்ரி.

சிரிக்காதீர்கள். வெற்றிலைச் செல்லத்தைத் திறந்தால் உள்ளே இருப்பது இலை, பாக்கு, சுண்ணாம்பு. இந்த மூன்றையும் வைத்துக்கொண்டு மேல்நிலைப் பள்ளியின் இரண்டு வருஷக் கெமிஸ்ட்ரியில் பாதியை நடத்திவிடலாம். அணு, அயனி, காரம், ஆக்ஸிஜனேற்றம், புரதம், கடைசியில் டி.என்.ஏ. வரைக்கும். லேப் மட்டும் உங்களுடையது. வாய்.

* * *

நான் படித்தது பி.காம். டெபிட், கிரெடிட் தவிர எனக்கு வேறு எதுவும் தெரியாது என்பது எங்கள் தெருவில் எல்லோருக்கும் தெரியும். இருந்தும் பக்கத்து வீட்டு பிளஸ் ஒன் பெண் புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு வந்தாள். பத்திரிகையில் எழுதுகிறவனுக்கு எல்லாம் தெரிந்திருக்கும் என்று யாரோ அவளிடம் வதந்தி பரப்பியிருக்கிறார்கள்.

"மாமா, செயலுறு அணுக்கரு மின்சுமைன்னா என்ன?"

"ஏம்மா, ஸ்கூல்ல சொல்லித் தரலையா?"

"தந்தாங்க. மனப்பாடமும் பண்ணிட்டேன். பரீட்சையில வந்தா முழு மார்க் வாங்கிருவேன். அது என்னன்னுதான் தெரியலை."

நம் கல்வி முறையைப் பற்றி இதைவிடச் சுருக்கமாக யாரும் கட்டுரை எழுதியதில்லை.

புத்தகத்தை இரண்டு நாள் இரவல் வாங்கிப் படித்துப் பார்த்தேன். பாதி வழியிலேயே ஒரு சந்தேகம் வந்தது. இதை எழுதியது கெமிஸ்ட்ரி வாத்தியாரா, இல்லை, எங்க ஆள் யாராவது பெயரை மாற்றிக்கொண்டு எழுதினாரா? முழுக்க முழுக்க அக்கவுண்ட்ஸ்!

மூன்றாம் நாள் அவளைக் கூப்பிட்டேன்.

"உங்கப்பா சம்பளச் சீட்டைப் பாத்திருக்கியா? மேலே ஒரு தொகை போட்டிருக்கும்."

"ஆமா. அதைப் பாத்துட்டுத்தான் அம்மா கொலுசு கேப்பாங்க."

"கீழே ஒரு தொகை இருக்கும்."

"அதைக் காட்டித்தான் அப்பா இல்லைம்பாரு."

"நடுவுல என்ன?"

"பி.எஃப்., சொசைட்டி லோன், எல்.ஐ.சி., பண்டிகை அட்வான்ஸ்..."

"அவ்வளவுதாம்மா உன் பாடம். மேலே இருக்கறது அணுக்கரு மின்சுமை. கீழே இருக்கறது செயலுறு அணுக்கரு மின்சுமை. கொலுசு வாங்கறதுக்குக் கீழே இருக்கறதுதான் கணக்கு."

* * *

வாசகர்களுக்கு இன்னும் கொஞ்சம் விவரமாகவே சொல்லிவிடுகிறேன். சுண்ணாம்பில் இருக்கும் கால்சியத்தையே எடுத்துக்கொள்வோம்.

கால்சியம் அணுவின் கருவில் 20 புரோட்டான்கள். அவை பாஸிட்டிவ். வெளியே 20 எலக்ட்ரான்கள். அவை நெகட்டிவ். அவை 2, 8, 8, 2 என்று நான்கு வரிசையாக இருக்கின்றன. கரு எல்லாவற்றையும் தன் பக்கம் இழுக்கிறது. கடைசி வரிசையில் இரண்டு பேர் இருக்கிறார்கள் அல்லவா? அவர்களையும் 20 பங்கு பலத்தோடுதான் இழுக்கிறது. ஆனால் நடுவில் 18 பேர் இருக்கிறார்கள். எலக்ட்ரானுக்கு எலக்ட்ரான் ஆகாது, தள்ளிவிடும். கரு உள்ளே இழுக்க, நடுவில் இருப்பவர்கள் வெளியே தள்ள, கடைசி வரிசைக்காரர் வரை வந்து சேரும் இழுப்பு சொற்பம். அந்த மிச்சம்தான் செயலுறு அணுக்கரு மின்சுமை.

எவ்வளவு மிச்சம்? 1930-ல் ஸ்லேட்டர் என்ற அமெரிக்க விஞ்ஞானி இதற்கு ஒரு பிடித்தப் பட்டியலே போட்டுக் கொடுத்தார். தோராயக் கணக்குதான். ஆனாலும் நன்றாகவே வேலை செய்கிறது. கால்சியத்தின் கடைசி எலக்ட்ரான் ஒன்றுக்குப் போட்டுப் பாருங்கள். பக்கத்து ஸீட்டுக்காரர் ஒருவருக்காக 0.35. அடுத்த உள் வரிசையில் எட்டுப் பேர், தலைக்கு 0.85, ஆக 6.80. அதற்கும் உள்ளே பத்துப் பேர், தலைக்கு 1 வீதம் 10. மொத்தப் பிடித்தம் 17.15. கிராஸ் 20. கைக்கு வருவது 2.85!

இருபது ரூபாய் சம்பளக்காரர் இரண்டே முக்கால் ரூபாயோடு வீட்டுக்கு வந்தால் குடும்பம் நிற்குமா? கால்சியம் அந்த இரண்டு எலக்ட்ரான்களையும் கேட்டவர்களுக்குத் தூக்கிக் கொடுத்துவிடுகிறது. சரி, மூன்றாவதாக ஒன்றைக் கொடுக்குமா? கொடுக்காது. அது உள் வரிசை. அங்கே பிடித்தம் 11.25-தான். கைக்கு வருவது 8.75. அந்தப் பிடியைத் தளர்த்த முடியாது. கால்சியம் எப்போதும் ஏன் இரண்டை மட்டும் கொடுக்கிறது, ஏன் ஒன்றரை, மூன்று என்று பேரம் பேசுவதில்லை என்பதற்குக் காரணம் இந்த இரண்டு எண்கள்.

வாங்குகிற பார்ட்டி ஆக்ஸிஜன். அதன் கருவில் 8 புரோட்டான்தான். ஆனால் மறைத்து நிற்க ஆட்கள் குறைவு. அதே பட்டியலில் கணக்குப் போட்டால் வெளி எலக்ட்ரானுக்குக் கிடைக்கும் இழுப்பு 4.55. இருபது வைத்திருக்கும் கால்சியத்துக்கு 2.85, எட்டு வைத்திருக்கும் ஆக்ஸிஜனுக்கு 4.55. ஒருவருடைய சம்பளத்தைக் கேட்காதே, பிடித்தத்தைக் கேள் என்று எங்கள் அக்கவுண்டன்ஸி வாத்தியார் சொன்னது அணுக்களுக்கும் பொருந்தும்.

* * *

மதுரையில் காளவாசல் என்று ஓர் இடம் இருக்கிறது. தினமும் ஆயிரக்கணக்கானோர் அங்கே பஸ் மாறுகிறார்கள். காளவாசல் என்றால் சூளை. கிளிஞ்சலையோ சுண்ணாம்புக் கல்லையோ சூளையில் போட்டுச் சுமார் 900 டிகிரிக்குச் சுட்டால் கரியமில வாயு ஓடிப்போய், சுட்ட சுண்ணாம்பு மிஞ்சும். அதில் தண்ணீர் ஊற்றினால் அடுப்பே இல்லாமல் கொதிக்கும். ஆறியபின் அப்பத்தாவின் சுண்ணாம்பு டப்பாவுக்கு வந்து சேரும். இப்போது அதற்குப் பெயர் கால்சியம் ஹைட்ராக்ஸைடு. நல்ல கட்டைக் காரம்.

அமிலம், காரம் இரண்டையும் அளக்க பி.ஹெச். என்று ஓர் அளவுகோல் உண்டு. நடுநிலை 7. தெளிந்த சுண்ணாம்புத் தண்ணீர் 12.4 வரை போகும். ஐந்தரைப் படிதானே என்று நினைக்காதீர்கள். ஒவ்வொரு படியும் பத்து மடங்கு. கூட்டு வட்டியை விட மோசம். கணக்குப் போட்டால் லட்சம் மடங்கைத் தாண்டும். எச்சில் ஓரளவு நீர்த்துப்போகச் செய்யும். ஆனால் கன்னத்து ஓரத்தில் அடக்கி வைத்திருக்கும் இடத்தில், அந்தச் சதைக்கு நாள் முழுக்கக் காரக் குளியல்தான்.

அடுத்தது சிவப்பு. வெற்றிலை பச்சை, சுண்ணாம்பு வெள்ளை, பாக்கு பழுப்பு. மூன்றும் சேர்ந்தால் சிவப்பு எங்கிருந்து வந்தது? ஆரத்தித் தட்டில் மஞ்சளும் சுண்ணாம்பும் சேர்ந்து சிவக்கிற மாதிரிதானே என்று கேட்கலாம். இல்லை. ஆரத்தியில் எலுமிச்சம்பழம் பிழிந்தால் பழையபடி மஞ்சளாகிவிடும். அது வெறும் வேஷம். வாயில் நடப்பது நிஜமாகவே ஒரு மாற்றம். பாக்கில் பாலிஃபீனால் என்ற துவர்ப்புச் சரக்கு நிறைய இருக்கிறது. சுண்ணாம்பின் காரம் பட்டதும் அது காற்றிலுள்ள ஆக்ஸிஜனோடு சேர்ந்து வேகமாக மாறுகிறது. நறுக்கிவைத்த வாழைக்காய் கறுக்கிறதே, அந்த ஜாதி வேலை. அந்த மாற்றத்தில் பிறப்பதுதான் சிவப்பு.

சிவப்போடு நின்றால் நான் இந்தக் கட்டுரையை எழுதியிருக்க மாட்டேன். பாலிஃபீனால் விட்டுக்கொடுத்த எலக்ட்ரான்களை வாங்கிக்கொண்ட ஆக்ஸிஜன் அரைகுறையாக நிற்கிறது. அதிலிருந்து ஹைட்ரஜன் பெராக்ஸைடு வருகிறது. பாக்கில் கொஞ்சம் செம்பும் இரும்பும் உண்டு. அவை பட்டதும் பெராக்ஸைடு உடைந்து ஹைட்ராக்ஸில் ராடிக்கல் என்ற ஒன்று பிறக்கிறது. ஒற்றை எலக்ட்ரானோடு அலையும் பேர்வழி. ஜோடி எலக்ட்ரான் கிடைக்கும் வரை கண்ணில் பட்டவர்களிடம் எல்லாம் பிடுங்கும். பிறந்த இடத்திலேயே, பிறந்த கணத்திலேயே பிடுங்கும்.

அதன் கையில் சிக்குகிறவற்றில் ஒன்று டி.என்.ஏ.

* * *

டி.என்.ஏ. என்றவுடன் பக்கத்தைப் புரட்டாதீர்கள். இதுவும் எங்கள் டிபார்ட்மென்ட்தான்.

1494-ல் வெனிஸ் நகரத்தில் லூக்கா பாசியோலி என்ற பாதிரியார் இரட்டைப் பதிவுக் கணக்கு முறையை அச்சில் கொண்டுவந்தார். ஒவ்வொரு பற்றுக்கும் எதிரே ஒரு வரவு. இடது பக்கம் எழுதினால் வலது பக்கமும் எழுத வேண்டும். இரண்டும் டேலி ஆக வேண்டும். பி.காம். முதல் வருஷத்தில் எங்களைப் படுத்திய இந்த வித்தையை, உயிர்கள் அதற்குப் பல நூறு கோடி வருஷங்கள் முன்பிருந்தே கடைப்பிடித்துவருகின்றன.

டி.என்.ஏ. ஒரு முறுக்கிய நூலேணி. இரண்டு பக்கக் கயிறும் சர்க்கரையும் பாஸ்பேட்டும் மாறி மாறிக் கோத்தது. நடுவில் படிகள். ஒவ்வொரு படியும் இரண்டு துண்டுகள் கைகோத்தது. துண்டுகள் நான்கே வகை. அடினைன், தைமின், குவானைன், சைட்டோசின். விதி மிகவும் கண்டிப்பு. அடினைன் எதிரே தைமின்தான் நிற்க வேண்டும். குவானைன் எதிரே சைட்டோசின்தான். 1950-ஐ ஒட்டிய வருஷங்களில் எர்வின் சார்காஃப் பல உயிர்களின் டி.என்.ஏ.வைப் பிரித்து அளந்து, அடினைனும் தைமினும் ஒரே அளவு, குவானைனும் சைட்டோசினும் ஒரே அளவு என்று கண்டார். அதாவது, டிரையல் பேலன்ஸ் அவர் கைக்கு வந்துவிட்டது. பேரேட்டைத்தான் பார்க்கவில்லை.

பேரேட்டின் படம் லண்டனில் கிடைத்தது. 1952 மே மாதம், ரோஸலிண்ட் ஃப்ராங்க்ளினின் ஆய்வுக்கூடத்தில் ரேமண்ட் காஸ்லிங் எடுத்த எக்ஸ்ரே படம். நடுவில் ஒரு பெருக்கல் குறி மாதிரி தெரியும். முறுக்கேணிக்கு அதுதான் கையெழுத்து. அந்தப் படத்தை ஃப்ராங்க்ளினுக்குத் தெரியாமலே வாட்ஸனுக்குக் காட்டினார்கள். 1953 ஏப்ரல் 25-ல் வாட்ஸனும் கிரிக்கும் அமைப்பை வெளியிட்டார்கள். 1962-ல் அவர்களுக்கும் வில்கின்ஸுக்கும் நோபல். ஃப்ராங்க்ளின் 1958-லேயே, 37 வயதில், புற்றுநோயில் போய்விட்டார். கூட்டு வியாபாரத்தில் லாபம் பிரிக்கும்போது ஒரு பார்ட்னரின் பெயர் விட்டுப்போவது புதிது இல்லை. ஆனாலும் மனசு கேட்கவில்லை.

சரி, படிகளில் அந்தத் துண்டுகள் கைகோத்து நிற்பது எப்படி? அங்கேதான் நம்ம பெண் கேட்ட கேள்வி திரும்ப வருகிறது. ஸ்லேட்டர் பட்டியல்படி நைட்ரஜனின் நிகர இழுப்பு 3.90. ஆக்ஸிஜனுக்கு 4.55. ஹைட்ரஜனுக்கு வெறும் 1. நைட்ரஜனோடு ஒட்டியிருக்கும் ஹைட்ரஜனின் எலக்ட்ரான் நைட்ரஜன் பக்கமே சாய்ந்துவிடுகிறது. ஹைட்ரஜன் கொஞ்சம் பாஸிட்டிவாக, பாதி ஏமாந்து நிற்கிறது. எதிரே இருக்கும் துண்டின் ஆக்ஸிஜனோ நைட்ரஜனோ அதை லேசாகப் பிடித்துக்கொள்கிறது. இதுதான் ஹைட்ரஜன் பிணைப்பு. அடினைனுக்கும் தைமினுக்கும் நடுவில் இரண்டு. குவானைனுக்கும் சைட்டோசினுக்கும் நடுவில் மூன்று. பலவீனமான பிடிதான். ஆனால் அப்படித்தான் இருக்க வேண்டும். பிரதி எடுக்கும்போது ஏணியை நடுவில் பிரிக்க வேண்டுமே! பசை போட்டு ஒட்டினால் பேரேட்டைத் திறக்க முடியாது.

ஓர் ஏணியின் அகலம் 2 நானோமீட்டர். ஒரு மில்லிமீட்டரில் ஐந்து லட்சம் ஏணிகளைப் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தலாம். ஆனால் ஒரே ஒரு செல்லில் இருக்கும் ஏணியையெல்லாம் நீட்டி வைத்தால் ஏறக்குறைய இரண்டு மீட்டர். உங்களைவிட உயரம்.

* * *

இப்போது கன்னத்து ஓரத்துக்கு வருவோம். நமது ரவுடி ஹைட்ராக்ஸில் ராடிக்கல், நாலு துண்டுகளில் குவானைனின் மேல்தான் அதிகம் பாய்கிறது. குவானைனில் ஓர் ஆக்ஸிஜன் கூடுதலாக ஒட்டிக்கொள்கிறது. பார்ப்பதற்குக் குவானைன் மாதிரியே இருக்கும். ஆனால் புத்தி மாறிவிட்டது. பிரதி எடுக்கும் நேரத்தில் சைட்டோசினுக்குப் பதில் சில சமயம் அடினைனோடு கைகோத்துவிடும். அடுத்த பிரதியில் அந்த அடினைன் விதிப்படி தைமினைக் கூப்பிடும். ஆக, குவானைன் இருக்க வேண்டிய இடத்தில் தைமின். எதிரே அடினைன். ஜோடி கச்சிதம். கணக்கு டேலி!

டேலி ஆகாத கணக்கைப் பார்த்து யாரும் பயப்பட வேண்டாம். உட்கார்ந்தால் கண்டுபிடித்துவிடலாம். கம்பெனிகள் கவிழ்வது டேலி ஆன தப்பினால்தான். இரண்டு பக்கமும் ஒரே பொய்யை எழுதிவிட்டால் டிரையல் பேலன்ஸ் பல்லிளித்துக்கொண்டு 'எல்லாம் சரி' என்று சொல்லும்.

செல்லுக்குள்ளும் ஆடிட்டர்கள் உண்டு. நாள் முழுக்க ஏணியைத் தடவிப் பார்த்து, கெட்ட துண்டை வெட்டியெடுத்து நல்லதைப் பொருத்தும் என்ஸைம்கள். இவற்றின் வேலையைக் கண்டு சொன்னதற்காக 2015-ல் லிண்டாலுக்கும் மோட்ரிச்சுக்கும் ஸான்காருக்கும் கெமிஸ்ட்ரி நோபல் கொடுத்தார்கள். ஆனால் எந்த ஆடிட்டருக்கும் ஒரு அளவு இருக்கிறது. காலையில் ஒரு தடவை, மத்தியானம் சாப்பாட்டுக்கு அப்புறம், சாயங்காலம் வம்புப் பேச்சோடு, ராத்திரி படுக்கும் முன் என்று நாற்பது வருஷம் கள்ளப் பதிவுகள் வந்துகொண்டே இருந்தால் சிலது தப்பிவிடும். 'இதற்கு மேல் வளராதே' என்று செல்லுக்கு உத்தரவு போடும் பக்கத்திலேயே ஒரு தப்பு விழுந்தால், அதற்குப் பெயர்தான் புற்றுநோய்.

* * *

பாக்கு இன்னொரு கைங்கரியமும் செய்கிறது. அதைச் சொல்வதற்கு மெட்ராஸ் வரை போய்த் திரும்ப வேண்டும்.

டி.என்.ஏ. அமைப்பு கேம்பிரிட்ஜில் வெளியான மறு வருஷமே, 1954-ல், சென்னைப் பல்கலைக்கழகத்தில் ஜி.என். ராமச்சந்திரனும் கோபிநாத் கர்த்தாவும் இன்னொரு முறுக்கைக் கண்டுபிடித்தார்கள். கொலாஜன். நம் தோல், தசைநார், எலும்பு எல்லாவற்றையும் தாங்கிப் பிடிக்கும் நார்ப் புரதம். டி.என்.ஏ. இரட்டை முறுக்கு என்றால் கொலாஜன் மூன்று இழை முறுக்கு. மல்லிகைச் சரம் தொடுக்க நார் முறுக்குவோமே, அப்படி. மெட்ராஸிலேயே இருந்த மத்தியத் தோல் ஆராய்ச்சி நிலையத்தில் கிடைத்த கங்காரு வால் தசைநாரை எக்ஸ்ரேயில் பார்த்துச் சொன்ன விஷயம்.

கொலாஜனைத் தோல் ஆராய்ச்சி நிலையம் ஏன் வைத்திருந்தது? தோல் என்பதே கொலாஜன்தான். எங்களுக்குப் பக்கத்தில் திண்டுக்கல்லில் தோல் ஷாப்புகள் பிரசித்தம். பச்சைத் தோல் இரண்டே நாளில் அழுகிவிடும். ஆவாரம்பட்டைத் தண்ணீரில் ஊறப்போட்டால் அழுகாது. பட்டையிலுள்ள டானின் என்ற துவர்ப்புச் சத்து கொலாஜன் இழைகளை ஒன்றோடொன்று கட்டிவிடும். பிறகு அது தோல் இல்லை, லெதர். செருப்பு தைக்கலாம்.

துவர்ப்பு என்றதும் உங்களுக்குப் பொறி தட்டியிருக்கும். பாக்கிலும் இருப்பது டானின்தான். போதாததற்கு, பாக்கிலுள்ள அரெக்கோலின் என்ற சரக்கு, 'இன்னும் கொலாஜன் செய்' என்று வாய்ச் சதையைத் தூண்டுகிறது. செம்பு, இழைகளுக்குக் குறுக்கே முடிச்சுப் போடும் என்ஸைமுக்குத் தீனி போடுகிறது. டானின், பழைய கொலாஜனை உடம்பு பிரித்தெடுக்க விடாமல் காவல் காக்கிறது. உற்பத்தி கூடுகிறது, செலவு குறைகிறது, ஸ்டாக் தேங்குகிறது. கன்னத்தின் உள் பக்கம் வெளுத்து, விறைத்து, பட்டை பட்டையாக நார் ஓடுகிறது. காரம் பட்டால் எரியும். வாய் மெள்ள மெள்ளத் திறக்காமல் போகும். 1952-ல் ஷ்வார்ட்ஸ் என்பவர் இதை முதலில் பதிவு செய்ததும் கென்யாவில் இருந்த இந்தியப் பெண்களிடம்தான். கடல் தாண்டினாலும் பாக்குவெட்டியை விட்டுவிட்டா போவோம்?

* * *

"புகையிலைதானே கெடுதல்? நான் போடறதில்லையே" என்பவர்கள் தெருவுக்கு நாலு பேர். எங்கள் தெருவில் ஆறு.

உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சிப் பிரிவு 1985-ல் புகையிலை சேர்த்த தாம்பூலத்தைத்தான் குற்றவாளி என்றது. 2004-ல் தீர்ப்பைத் திருத்தி எழுதியது. புகையிலை இல்லாத தாம்பூலமும் புற்றுநோய் தரும், பாக்கு தனியாகவே தரும் என்று முதல் வகுப்பில் போட்டது. சிகரெட், ஆஸ்பெஸ்டாஸ் எல்லாம் உட்கார்ந்திருக்கும் அதே முதல் வகுப்பு. தைவான்காரர்கள் பாக்கு மெல்வார்கள், பெரும்பாலும் புகையிலை சேர்ப்பதில்லை. அங்கும் வாய்ப் புற்றுநோய் வந்ததுதான் சாட்சிகளில் முக்கியமானது.

கவனித்தீர்களா, குற்றப்பத்திரிகையில் பாக்கு இருக்கிறது, உடந்தையாகச் சுண்ணாம்பு இருக்கிறது. எங்க ஊர் இலை?

இலையின் மேல் நேரடியாகப் புகார் இல்லை. வெற்றிலையில் யூஜினால், ஹைட்ராக்ஸிசாவிகால் போன்ற சரக்குகள் இருக்கின்றன. அந்தக் காரமும் வாசனையும் அவற்றால்தான். சோதனைக் குழாயில் இவை ராடிக்கல்களை அடக்குவதாகவே ஆய்வுகள் சொல்கின்றன. அதற்காக, 'இலை காப்பாற்றும், பாக்கு போடலாம்' என்று கிளம்பிவிடக் கூடாது. நாலு பேர் குண்டர் படையோடு போகும் ஒரே ஒரு நல்லவரால் ஊரைக் காப்பாற்ற முடியாது. ஆனால் குண்டர்கள் செய்ததற்கு நல்லவர் மேல் வழக்குப் போடுவதும் நியாயம் இல்லை. அகத்தி நட்டு, கொடி படரவிட்டு, நாள் தவறாமல் தண்ணீர் கட்டி, விடிவதற்கு முன் கிள்ளி, கவுளி அடுக்கி லாரி ஏற்றும் கொடிக்கால்காரர் செய்த பாவம் எதுவும் இதில் இல்லை.

இதையெல்லாம் பக்கத்து வீட்டுத் திண்ணையில் உரலில் வெற்றிலை இடித்துக்கொண்டிருந்த அந்தப் பெண்ணின் அப்பத்தாவிடம் சொன்னேன். முழுக்கக் கேட்டார்.

"எல்லாஞ் சரிப்பா. சுண்ணாம்புல எலும்புக்குச் சத்து இருக்குன்னு டாக்டரே சொல்றாகளே?"

"கால்சியம் இருக்கு அப்பத்தா. கேப்பையிலயும் பால்லயும் அதே கால்சியம்தான் இருக்கு. அது வாயைப் பொத்துப்போக வைக்காது."

"கேப்பையை மென்னா வாய் செவக்குமா?"

இதற்கு ஸ்லேட்டரிடமும் பதில் இல்லை. ஆனால் மறுநாள் உரலில் சத்தம் கொஞ்சம் மெதுவாகக் கேட்டது. எட்டிப் பார்த்தேன். இலை, கிராம்பு, ஒரு ஏலக்காய். பாக்கைக் காணோம். "பேத்தி எடுத்து ஒளிச்சு வச்சிட்டா" என்றார். கெமிஸ்ட்ரி ஒரு பக்கம் இருக்கட்டும். பேத்தியின் செயலுறு மின்சுமையில் பிடித்தமே கிடையாது.

அப்பத்தாக்களைப் பற்றிக்கூட எனக்கு அவ்வளவு கவலை இல்லை. பஸ் ஸ்டாண்டில் பாக்கெட்டைப் பல்லால் கிழித்து, தலையை அண்ணாந்து கொட்டிக்கொள்ளும் பையன்களைப் பற்றித்தான். அதில் இலை கிடையாது, இடிக்கிற நேரமும் கிடையாது. காய்ந்த பாக்கும் வாசனையும்தான். அப்பத்தா அறுபது வருஷத்தில் மென்றதை இவர்கள் சீக்கிரமே மென்று முடித்துவிடுவார்கள்.

கல்யாணத்தில் தாம்பூலம் கொடுங்கள், தட்டில் இலை வையுங்கள், சாமிக்குப் படையுங்கள். விருந்துக்குப் பிறகு இலையை ஏலக்காயோடு மடித்துப் போட்டுக்கொள்வதானாலும் சரி. மடிப்புக்குள் பாக்கு வேண்டாம்.

கடைசியாக, செலவில்லாத ஒரு லேப் டெஸ்ட். நடு மூன்று விரல்களையும் ஒட்டி வைத்து, ஒன்றன் மேல் ஒன்றாக நிற்கும்படி திருப்பி, மேல் பல்லுக்கும் கீழ்ப் பல்லுக்கும் நடுவில் வைத்துப் பாருங்கள். உங்கள் விரல், உங்கள் வாய். மூன்றும் சுலபமாக நுழைந்தால் நல்லது. இரண்டோடு நின்றால், அல்லது கன்னத்துக்குள் வெள்ளைத் திட்டோ இரண்டு வாரமாக ஆறாத புண்ணோ இருந்தால், அரசு மருத்துவமனைப் பல் பிரிவுக்கு இந்த வாரமே போங்கள். ஆரம்பத்தில் பிடித்தால் பிழைக்கிற நோய் இது. பஸ்ஸில் இந்தப் பக்கத்தைப் படித்துக்கொண்டிருக்கிறவர்கள் மட்டும் இறங்கிய பிறகு டெஸ்ட் செய்யவும். கண்டக்டர் தப்பாக நினைத்துக்கொள்வார்.